மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ்: மூன்றில் எதை வாங்குவது?

"மாரியோ ஃபுட்பால் கேம் வாங்கலாம்னு இருக்கோம், எதை வாங்கறது?" பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும் பருவத்தில் இந்தக் கேள்வி என்னிடம் தவறாமல் வரும். கேட்பவர் அதற்குள் இரண்டு மூன்று யூடியூப் வீடியோ பார்த்து, எதில் கிராஃபிக்ஸ் பளிச்சென்று இருக்கிறது என்ற இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். நான் திருப்பிக் கேட்பது வேறு: விளையாடும்போது சோபாவில் பக்கத்தில் உட்காரப்போவது யார்? உங்களுக்குச் சரிக்குச் சரி ஆடும் நண்பனா, கன்ட்ரோலரையே தொட்டிராத அண்ணியா, லீவுக்கு வந்து இறங்கும் கஸின் பட்டாளமா? இதற்குப் பதில் தெரிந்தால் முக்கால் வாசி முடிவு எடுத்தாகிவிட்டது.

இந்த வரிசையில் மூன்று கேம்கள்தான். நிண்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு 2005-இல் வந்த 'சூப்பர் மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ்', வீ கன்சோலுக்கு 2007-இல் வந்த 'மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ் சார்ஜ்டு', ஸ்விட்ச் கன்சோலுக்கு 2022-இல் வந்த 'மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ்: பேட்டில் லீக்'. மூன்றையும் செய்தது கனடாவின் வான்கூவரில் உள்ள நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ். 2021-இல் நிண்டெண்டோ அந்த ஸ்டூடியோவையே வாங்கிவிட்டது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பக்கத்துக்கு நான்கு பேர், கூட ஒரு கோல்கீப்பர். ஆஃப்சைடு கிடையாது, மஞ்சள் அட்டை கிடையாது, நடுவரே கிடையாது. மைதானத்தைச் சுற்றி மின்வேலி. எதிராளியை இடித்து அதில் தள்ளினால் ஷாக் அடித்துச் சுருண்டு விழுவான், ஆட்டம் பாட்டுக்கு ஓடும். வாழைப்பழத் தோல், ஆமை ஓடு, வெடிகுண்டு எல்லாம் மைதானத்துக்குள் பறக்கும். பந்து இல்லாதவனை அடித்தால் தண்டனை என்று பெயருக்கு ஒன்று உண்டு: அடி வாங்கிய டீமுக்கு ஒரு பொருள் கிடைக்கும், அவர்கள் அதைத் திருப்பி உங்கள் மேலேயே எறியலாம்.

இந்த ஸ்டூடியோ மாரியோவைத் தொடுவதற்கு முன் 2003-இல் 'என்.எச்.எல். ஹிட்ஸ் ப்ரோ' என்ற ஐஸ் ஹாக்கி கேமைச் செய்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஸ்ட்ரைக்கர்ஸ் சட்டென்று புரியும். பந்து வெளியே போகவிடாத சுவர், உடம்பால் இடித்துப் பறிப்பது, மூச்சு விடாத வேகம் எல்லாம் ஹாக்கிச் சரக்கு. ஃபிஃபா விளையாடிப் பழகிய கையோடு வருகிறவர்கள் முதல் பத்து நிமிடம் திட்டுவார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம்.

ஒன்று, பெரிய அடி. மூன்றிலும் சாதாரண கோலைத் தாண்டி ஒரு 'சிறப்பு அடி' இருக்கிறது. அது எப்படி விழுகிறது, அதைத் தடுக்க எதிராளிக்கு என்ன வழி இருக்கிறது என்பதில்தான் மூன்றும் மூன்று தனித்தனி கேம்களாகப் பிரிகின்றன. வீட்டில் சிரிப்பு வருமா சண்டை வருமா என்பதும் அங்கேதான் முடிவாகும்.

இரண்டு, தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது. மூன்று, யாரும் இல்லாத மதியவேளையில் ஒருவரே ஆட எவ்வளவு இருக்கிறது. நான்கு, டிஸ்க்கின் விலையைத் தாண்டிக் கையை விட்டுப் போகும் பணம்.

கிராஃபிக்ஸைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கார்ட்டூன் முகம் சீக்கிரம் கிழடு தட்டாது. 2005-இன் வாலுயிஜி இன்றைக்கும் பார்க்கச் சகிக்கிற மாதிரிதான் இருக்கிறான், அதாவது அன்றைக்கு எவ்வளவு சகித்ததோ அவ்வளவு.

## சூப்பர் மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ் (2005)

மூன்றில் இதுதான் மெலிந்த கேம். ஒரு கேப்டன், அவருக்குத் துணையாக மூன்று பேர். கேப்டனாக மாரியோ, லுயிஜி, பீச், டெய்ஸி, யோஷி, வாரியோ, வாலுயிஜி, டாங்கி காங். துணைக்கு டோட், கூப்பா, ஹாமர் ப்ரோ, பேர்டோ. கோல்கீப்பர் யாருடைய டீமாக இருந்தாலும் கிரிட்டர் என்ற முதலைதான்.

பெரிய அடிக்கு இங்கே பெயர் சூப்பர் ஸ்ட்ரைக். கேப்டனால் மட்டுமே முடியும். பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு அளவுப் பட்டை தோன்றும். முள் பச்சைக்குள் இருக்கும்போது சரியாக நிறுத்தவேண்டும். விழுந்தால் இரண்டு கோல். ஆனால் அழுத்திப் பிடித்திருக்கும் அந்த ஓரிரு நொடி நீங்கள் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்பீர்கள், யாராவது ஓடிவந்து ஒரு இடி இடித்தால் எல்லாம் போச்சு. ஆகவே ஒவ்வொரு சூப்பர் ஸ்ட்ரைக்கும் முதலில் இடம் பிடிப்பதற்கான போராட்டம். இரண்டு பேரை ஏமாற்றி, மூலைக்குப் பாஸ் போட்டு, துணை ஆட்டக்காரன் எதிராளியை இடித்து வழி விட்ட பிறகுதான் அடிக்க முடியும். கோல் விழும்போது அது உழைத்துச் சம்பாதித்த கோல் என்று தோற்றவருக்கும் தெரியும்.

நடுநடுவே பௌசர் திடீரென்று மைதானத்தில் குதித்து நெருப்பைக் கக்குவான். யார் பக்கமும் சாராத அநியாயம். அது ஒன்றைத் தவிர்த்துப் பார்த்தால் இந்தக் கேமில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு.

அதனாலேயே கஷ்டமும் இருக்கிறது. ஒரு மாதம் பழகியவனுக்கும் இன்று உட்கார்ந்தவனுக்கும் நடுவில் ஸ்கோர் எட்டுக்குப் பூஜ்யம் என்று போகும். சின்னப் பிள்ளை கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடும். தனியாக ஆட நான்கு கோப்பைகள் இருக்கின்றன, கடைசியில் ரோபோக்களால் ஆன ஒரு சூப்பர் டீமும் உண்டு. கையில் வந்துவிட்டால் வார இறுதி ஒன்றிரண்டில் தீர்ந்துபோகும். மொத்தத்தில், கிட்டத்தட்ட ஒரே திறமை உள்ள இரண்டு பேர் வருடக்கணக்கில் மல்லுக்கு நிற்க உகந்த கேம் இதுதான். ஹாஸ்டல் அறை நண்பர்கள், ஒரு வயது வித்தியாசத்தில் பிறந்த அண்ணன் தம்பி, இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு இது போதும். அவர்களுக்கு மற்ற இரண்டும் கூடுதல் சத்தமாகத்தான் தெரியும்.

## மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ் சார்ஜ்டு (2007)

இதை முதல்முறை பார்ப்பவர்கள், கேம் செய்தவர்களுக்கு யாரோ நிதானம் கலைக்கும் பானம் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். எல்லாருக்கும் இரும்புக் கவசம், மிதித்தால் மைதானம் அதிர்கிறது. கேப்டன்கள் பன்னிரண்டு, பௌசர், பௌசர் ஜூனியர், டிடி காங், பீட்டி பிரானா புதிதாகச் சேர்ந்தார்கள். துணை ஆட்டக்காரர் வகை நான்கிலிருந்து எட்டானது. பூ, ட்ரை போன்ஸ், மான்டி மோல், ஷை கை வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு கேப்டனுக்கும் ஒரு தனி வித்தை. மாரியோ கட்டடம் மாதிரி வளர்ந்து எல்லாரையும் மிதிப்பார். பீச் கேமராவை எடுத்துப் படம் பிடித்தால் எதிர் டீம் உறைந்து நிற்கும். வாரியோவின் வித்தை வயிற்றுக் கோளாறு சம்பந்தப்பட்டது. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அதைவிட உயர்ந்த நகைச்சுவை உலகத்தில் இல்லை.

மைதானங்களும் ஆட்டக்காரர்கள்தான். சிலவற்றில் ஓரத்தில் வேலியே கிடையாது. இடித்தால் எதிராளி விளிம்பைத் தாண்டி அதலபாதாளத்துக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்புவான்.

ஆனால் இந்தக் கேமின் உயிர் மெகா ஸ்ட்ரைக்கில் இருக்கிறது. கேப்டன் அழுத்திப் பிடித்தால் இரண்டு கட்ட அளவுப் பட்டை வரும். ஒன்று எத்தனை பந்து என்பதற்கு, இன்னொன்று எவ்வளவு வேகம் என்பதற்கு. கேப்டன் வானத்துக்கு எழும்புவார், அங்கிருந்து ஆறு பந்து வரை கோலை நோக்கி வரும். ஒவ்வொன்றும் ஒரு கோல். தடுக்கவேண்டியவர் வீ ரிமோட்டை டிவியை நோக்கி நீட்டி, வரும் பந்துகளைக் கை வடிவக் குறியால் ஒவ்வொன்றாகக் குறிபார்த்து அழுத்திப் பிடிக்கவேண்டும்.

இதை வடிவமைத்தவர் என்ன நினைத்துச் செய்தாரோ தெரியாது, வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு தீபாவளி லீவில் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. அண்ணியையும் பிடித்து உட்காரவைத்தோம். அண்ணி மைதானத்தில் பந்தைத் தேடிக்கொண்டே இருந்தார், எந்தப் பட்டன் பாஸ் என்பது கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. அண்ணன் மெகா ஸ்ட்ரைக் அடித்தார், ஆறு பந்து. அண்ணி ரிமோட்டை நீட்டி, கொசு அடிப்பதுபோல் ஐந்தைப் பிடித்துவிட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு நான்கு நாள் வேறு பேச்சில்லை. பட்டன் வரிசை மனப்பாடம் இல்லாதவருக்கும் சுட்டிக்காட்டத் தெரியும். தெரியாதவரை ஆட்டத்துக்குள் இழுத்துப்போடும் இந்தக் கதவு மற்ற இரண்டு கேமிலும் இல்லை.

மறுபக்கமும் சொல்லவேண்டும். ஐந்து நிமிட ஆட்டத்தை நான்கு நிமிடம் ஒழுங்காக ஆடி மூன்று கோல் முன்னிலையில் இருப்பவரை, ஒரே மெகா ஸ்ட்ரைக் கவிழ்த்துவிடும். போட்டி மனசுக்காரர்களுக்கு இது வயிற்றெரிச்சல். ஒவ்வொரு மெகா ஸ்ட்ரைக்குக்கும் ஆட்டம் நின்று ஒரு குட்டி சினிமா ஓடும். இருபதாவது தடவை அலுப்புத் தட்டும். பாஸ் போடப் போடப் பந்து சார்ஜ் ஏறி வெளிச்சமாகும், வெளிச்சமான பந்தைத் தடுப்பது கஷ்டம் என்ற அருமையான நுணுக்கம் ஒன்று உள்ளே இருக்கிறது. மெகா ஸ்ட்ரைக் கூச்சலில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

தனி ஆட்டத்துக்கும் மூன்றில் இதுவே கெட்டி. ஃபயர், கிரிஸ்டல், ஸ்ட்ரைக்கர் என்று மூன்று கோப்பைகள், போகப் போக இறுகும். இணையத்தில் ஆடுவது மட்டும் இனி நடக்காது. நிண்டெண்டோ வை-ஃபை கனெக்‌ஷன் சேவையை 2014 மே 20-ஆம் தேதி மூடிவிட்டார்கள். பெட்டியின் பின்பக்கம் இணைய ஆட்டம் பற்றி என்ன அச்சடித்திருந்தாலும் நம்பவேண்டாம்.

## மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ்: பேட்டில் லீக் (2022)

பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூன் 10-இல் வந்தது. கடைக்குப் போனால் புத்தம் புதிதாகக் கிடைக்கக்கூடியது இது ஒன்றுதான். அடுத்த கன்சோலான ஸ்விட்ச் 2-விலும் ஓடும்.

கேப்டன், துணை என்ற பிரிவினை போய்விட்டது. நான்கு பேரையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முதலில் பத்துப் பேர்தான் இருந்தார்கள், டெய்ஸி கூட இல்லை. அதே வருடம் ஜூலை, செப்டம்பர், டிசம்பரில் வந்த மூன்று இலவச அப்டேட்டுகளில் டெய்ஸி, ஷை கை, பாலின், டிடி காங், பௌசர் ஜூனியர், பேர்டோ சேர்ந்து பதினாறு ஆனது. வெளியான வாரத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களைப் படித்து "ஆளே இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். அது அன்றைய நிலை.

பலம், வேகம், ஷூட்டிங், பாஸிங், டெக்னிக் என்று ஒவ்வொருவருக்கும் ஐந்து அளவுகள். கவசம் மாட்டி அவற்றை மாற்றலாம், ஆனால் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். கவசம் வாங்க ஆட்டத்தில் ஜெயிக்கும் காசு போதும், நிஜப் பணம் கேட்காது. பிள்ளைகளிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு கார்டு பில்லை நினைத்து நடுங்கும் பெற்றோருக்கு இது சின்ன விஷயமில்லை.

பெரிய அடி இங்கே ஹைப்பர் ஸ்ட்ரைக். அதற்கு முதலில் மைதானத்தில் தோன்றும் ஒளிரும் உருண்டையை எடுக்கவேண்டும், பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் அடிக்கவேண்டும். இரண்டு கோல். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆளுக்கு ஆள் அடியின் குணம் மாறும். 2005-இன் நிதானமும் 2007-இன் ஆரவாரமும் கலந்த நடுத்தர வழி. உருண்டை வந்ததும் எட்டுப் பேரும் அதன் மேல் விழும் அந்தச் சில நொடிதான் கேமின் மிக நல்ல பகுதி என்பேன்.

இதன் நிஜமான பலம் எண்ணிக்கை. ஒரே டிவி, ஒரே கன்சோல், எட்டுப் பேர், பக்கத்துக்கு நால்வர். முந்தைய இரண்டிலும் நான்கு பேர்தான் உச்சம். கல்யாண வீட்டுக்கு மறுநாள் மாதிரி ஒரு கூடம் நிறையப் பிள்ளைகள் இருந்தால் இதற்கு ஈடு இல்லை. பெரியவர்களை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் கீழே சின்னவர்கள் மூன்று பேர் என்று டீம் கட்டினால் திறமை இடைவெளியும் தானாகவே சமனாகும்.

குறை? சொல்லிக்கொடுக்கும் பகுதி நீளம். சரியான நேரத்தில் விடும் பாஸ், சரியான நேரத்தில் விடும் ஷாட், ஒதுங்குதல், சொந்த டீம்காரனையே இடித்து முன்னால் தள்ளிவிடுதல் என்று ஏகப்பட்ட சங்கதி. கோப்பைகளில் கம்ப்யூட்டர் டீம் இவை எல்லாவற்றையும் உங்களுக்கு முன்பே கற்றுவைத்திருக்கும். சின்ன மைதானத்தில் கவசம் போட்ட எட்டுப் பேர் மோதும்போது பந்து எங்கே என்றே தெரியாது. எனக்குக் கண்ணாடி மாற்றவேண்டுமோ என்று ஒருமுறை சந்தேகமே வந்துவிட்டது. மைதானங்கள் பார்க்க அழகு, இரண்டு அணியும் தேர்ந்தெடுத்த பாதிகள் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும். அத்தோடு சரி. சார்ஜ்டு மாதிரி மைதானமே காலை வாரிவிடுவது கிடையாது. தனியாள் கோப்பைகளை முடித்த பிறகு இணையத்தில் க்ளப் ஆட்டம்தான். அதற்கு நிண்டெண்டோவின் இணையச் சந்தா வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | சூப்பர் (2005) | சார்ஜ்டு (2007) | பேட்டில் லீக் (2022) |
|---|---|---|---|
| ஒரே டிவியில் எத்தனை பேர் | 4 | 4 | 8 |
| பெரிய அடி | 2 கோல், கேப்டன் மட்டும் | 6 கோல் வரை, கேப்டன் மட்டும் | 2 கோல், உருண்டை எடுத்தால் யாரும் |
| தடுக்கும் வழி | அடிக்கும் முன் இடிப்பது | இடிப்பது, அல்லது ரிமோட்டால் பந்துகளைப் பிடிப்பது | நேரத்துக்குள் அடிக்கவிடாமல் இடிப்பது |
| புதியவருக்கு | கஷ்டம் | மிகச் சுலபம் | நடுத்தரம், கூட்டத்தில் சுலபம் |
| தனியாக ஆட | சுமார் | நன்று | சுமார் |
| இன்று இணையத்தில் எதிராளி தேட | வழி இல்லை | வழி இல்லை | சந்தா கட்டினால் உண்டு |
| எப்படிக் கிடைக்கும் | பழைய டிஸ்க், அல்லது ஸ்விட்ச் 2 சந்தா | பழைய டிஸ்க் | புதிதாக |

## பெட்டிக்கு வெளியே இருக்கும் செலவு

பேட்டில் லீக்கின் அமெரிக்க விலை 60 டாலர். எட்டுப் பேர் ஆட எட்டு கன்ட்ரோலர் வேண்டும். ஸ்விட்ச்சின் குட்டி கன்ட்ரோலரான ஜாய்கான் ஒரு ஜோடியைப் பிரித்து இரண்டு பேர் ஆடலாம், ஸ்விட்ச்சோடு ஒரு ஜோடி வரும். மீதி மூன்று ஜோடி? கேம் வெளியான காலத்து விலையில் ஜோடி 80 டாலர், ஆக 240 டாலர். கேமைப்போல் நான்கு மடங்கு. ஆகவே "எட்டுப் பேர் ஆடலாம்" என்ற விளம்பரத்தை நம்பி வாங்குவதற்கு முன், வரப்போகும் விருந்தாளிகள் வீட்டில் ஸ்விட்ச் இருக்கிறதா, அவர்களின் ஜாய்கானை எடுத்துவரச் சொல்லலாமா என்று விசாரியுங்கள். பெரியவர்கள் கைக்கு அந்தக் குட்டி ஜாய்கான் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். இணைய ஆட்டத்துக்கான சந்தா தனி. ஒருவருக்கு அமெரிக்காவில் வருடத்துக்கு 20 டாலர்.

2005-இன் கேமுக்கு 2025 ஜூலையில் ஒரு புது வாசல் திறந்தது. ஸ்விட்ச் 2 வைத்திருந்து, உயர்வகை சந்தாவான எக்ஸ்பான்ஷன் பேக் கட்டினால், கேம்கியூப் தொகுப்பில் இதுவும் கிடைக்கும். பழைய ஸ்விட்ச்சில் இந்தத் தொகுப்பு ஓடாது, அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தச் சந்தா அமெரிக்காவில் வருடத்துக்கு 50 டாலர். இது வாடகை வீடு மாதிரி. கட்டுவதை நிறுத்திய அன்று கேமும் போகும். இந்த ஒரு கேமுக்காகக் கட்டினால் நஷ்டம். தொகுப்பில் உள்ள மற்றவற்றையும் ஆடுவீர்கள் என்றால் மூன்று வழிகளில் இதுவே தலைவலி குறைந்தது.

தலைவலி என்றால் பழைய டிஸ்க் வேட்டைதான். இதில் நானே சூடு பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேம்கியூபுக்கும் வீ கன்சோலுக்கும் பிராந்தியப் பூட்டு உண்டு. லண்டன் மாமா கொண்டுவந்த வீயில் அமெரிக்காவிலிருந்து சித்தி அனுப்பிய டிஸ்க் ஓடாது. நம் வீடுகளில் பழைய கன்சோல்கள் பெரும்பாலும் இப்படி ஊருக்கொன்றாக வந்தவை என்பதால் இது முக்கியம். எனக்கு வந்த முதல் டிஸ்க் இப்படித்தான் அலமாரியில் தூங்குகிறது. இணையத்தில் விற்றவர் எந்த நாட்டு டிஸ்க் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: அட்டையில் 'ஃபுட்பால்' என்ற சொல் இருந்தால் அது ஐரோப்பிய டிஸ்க். முதல் கேமுக்கு அங்கே பெயரே 'மாரியோ ஸ்மாஷ் ஃபுட்பால்'. இரண்டாவது 'மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ் சார்ஜ்டு ஃபுட்பால்'. அமெரிக்கப் பெட்டியில் அந்தச் சொல் இருக்காது. ஸ்விட்ச்சுக்கு இந்தப் பூட்டு கிடையாது, எந்த நாட்டுப் பெட்டியும் ஓடும்.

அடுத்து கரண்ட். அமெரிக்க வீயின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர்ப் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான். ஸ்விட்ச் அடாப்டர் எல்லா ஊர் வோல்ட்டேஜையும் தாங்கும்.

அடுத்து டிவி. வீயில் எச்.டி.எம்.ஐ. இல்லை. புது டிவிகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் காணாமல் போய்விட்டன, நடுவில் ஒரு மாற்றி வாங்கவேண்டும். சார்ஜ்டு ஆட ஒருவருக்கு ஒரு ரிமோட், அதோடு ஒயரில் மாட்டி மறுகையில் பிடிக்கும் ஒரு நன்சக்; நான்கு பேர் என்றால் நான்கு செட், எட்டு பேட்டரி. டிவிக்கு அடியில் வைக்கும் சென்சார் பார் தொலைந்திருந்தால் கலங்கவேண்டாம். அதில் இருப்பது வெறும் அகச்சிவப்பு விளக்குகள்தான். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவைத்தாலும் ரிமோட் வேலை செய்யும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யாதீர்கள்.

இத்தனைக்கும் ஈடாக ஒரு லாபம் உண்டு. முதலில் வந்த வீ மாடல் கேம்கியூப் டிஸ்க்கையும் ஓட்டும். ஒரே பழைய கன்சோலில் முதல் இரண்டு ஸ்ட்ரைக்கர்ஸும் அடங்கிவிடும். ஆனால் 2005-இன் கேமை வீ ரிமோட்டால் ஆட முடியாது; கேம்கியூப் கன்ட்ரோலரும், கோப்பையில் எங்கே விட்டோம் என்று சேமிக்க மெமரி கார்டும் வேண்டும்.

## யாருக்கு எது

வீட்டில் ஏற்கெனவே ஸ்விட்ச் இருக்கிறது, பிள்ளைகள் எட்டு வயதுக்கு மேல், கூட ஆட ஆள் வருவார்கள்: பேட்டில் லீக். யோசிக்கவே வேண்டாம். ஒரே பிள்ளை, ஆட வேறு யாரும் இல்லை என்றால் மட்டும் தயங்குங்கள்.

கேம் பக்கமே வராத பெரியவர்களும் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளும் கலந்த வீடு, மாமா வீட்டுப் பரணில் ஒரு வீ தூங்குகிறது: சார்ஜ்டு. தேடி அலைகிற சிரமத்துக்கு முதல் நாளே பலன் கிடைக்கும். வீயே இல்லாமல், இதற்காகவே கன்சோல், ரிமோட், மாற்றி எல்லாம் புதிதாகத் தேடி வாங்குவது என்றால், ரசிகராக இருந்தால் ஒழிய நான் சொல்லமாட்டேன்.

ஸ்விட்ச் 2 இருக்கிறது, கேம் பித்துப் பிடித்த ஒரே ஒரு நண்பன் வாரம் தவறாமல் வருவான்: சந்தா கட்டி 2005-ஐ ஆடுங்கள். பேட்டில் லீக்கைவிட அது உங்கள் இருவரையும் நெடுநாள் கட்டிப்போடும்.

நீங்கள் தேடுவது பதினொரு பேர், கதை, பள்ளிக்கூடப் போட்டிகள், நெருப்புப் பறக்கும் அடி என்று கார்ட்டூன் ஃபுட்பால் என்றால் மாரியோவை விட்டுவிட்டு 2020-இல் வந்த 'கேப்டன் சுபாசா: ரைஸ் ஆஃப் நியூ சாம்பியன்ஸ்' பக்கம் போங்கள். பிஎஸ்4, ஸ்விட்ச், பிசி மூன்றிலும் இருக்கிறது. தனியாக ஆடுபவருக்கு இந்த மூன்றையும்விட அதில் தீனி அதிகம். நால்வர் சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து கத்துவதற்கு அது தோதுப்படாது.

பழைய வீ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை. கன்சோலைக் கையில் வாங்கியதும் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். வரிசையாக நான்கு வட்டத் துளைகள் இருக்கவேண்டும், கேம்கியூப் கன்ட்ரோலருக்கானவை. 2011-இல் வந்த மலிவு மாடலிலும் சிவப்பு நிற வீ மினியிலும் அவை கிடையாது. துளை இல்லையென்றால் சார்ஜ்டு மட்டும்தான் ஓடும், விலையைப் பாதியாகப் பேசுங்கள்.